நகம் மாட்டுகிற இடம்

பல் டாக்டருக்கு அருவருப்பே கிடையாது என்று ஊருக்குள் ஒரு நினைப்பு உண்டு. தினமும் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுப் பார்க்கிறவளுக்கு எதைக் கண்டு குமட்டப்போகிறது என்பார்கள். அது தப்பு. சொத்தைப் பல்லைக் கண்டு அவளுக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. பாவம், அது தன்பாட்டுக்கு அழுகிக்கொண்டிருக்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை. சொத்தையை உள்ளே அப்படியே வைத்துக்கொண்டு மேலே வெள்ளை வெளேரென்று உறை மாட்டிக்கொண்டு, "டாக்டர், சிரிச்சா நல்லா இருக்கா?" என்று கேட்டு வருகிறார்களே, அவர்களைக் கண்டால்தான் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். அந்த உறையைக் கழற்றும்போது வருகிற நாற்றம் சாயங்காலம் வரைக்கும் மூக்கை விட்டுப் போகாது.

அப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டது ஒரு விளக்குக்கடைக்காரருக்கு. கூரையிலிருந்து தொங்குகிற விளக்கு, சுவருக்குள் ஒளிந்திருக்கிற விளக்கு, படிக்கட்டுக்கு அடியில் எரிகிற விளக்கு என்று பெரிய கடை. எந்தப் பொருள் மேலும் சரியான வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் அது விலை உயர்ந்ததாகிவிடும் என்பது அவருடைய தொழில் ரகசியம். வெறும் செங்கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேலே ஒரு விளக்குப் போட்டால் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்பார். உண்மையாகவே இருக்கட்டும். கடைக்காரப் புத்தியைக் கடையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வர வேண்டுமா இல்லையா? அவர் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஹாலில் கிடந்த சோபா வாங்கி வருஷக்கணக்கில் ஆகியும் அதன் பிளாஸ்டிக் உறை கழறவில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் பாதி அதோடு ஒட்டிக்கொண்டு போகும். டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறைக்கு மேல் ஒரு ரப்பர் பேண்டு. நல்ல தட்டுகளெல்லாம் விருந்தாளிக்கு என்று பூட்டிக் கிடக்கும். விருந்தாளி வந்தால், "இவங்களுக்கு இது போதும்" என்று சாதாரணத் தட்டுத்தான் வெளியே வரும். மொத்தத்தில் அந்த வீட்டில் இருந்த நல்ல பொருள் எதையும் அந்த வீட்டில் இருந்தவர்கள் தொட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுவார். மேனி நோகாமல் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டம் நிற்கிற வளைவு வரைக்கும் விரட்டிக்கொண்டு போய், எல்லாரும் பார்க்கிற இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பார். டயர் அலறும். முன்சக்கரத்துக்குள்ளே பிரேக் டிஸ்க் பழுத்துச் செக்கச்செவேலென்று தெரியும். யாரோ எடுத்துக் கொடுத்த அந்தப் படம்தான் அவர் கைபேசியின் முகப்பில் இருக்கிறது. மகள் பிறந்தபோது எடுத்த படம் இருந்த இடம் அது.

அந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், காரணப் பெயர்தான். பள்ளிக்கூடம் முடித்து, லைசென்ஸ் வாங்கி, ட்ராக்கில் ஓட்டுவதற்கான பயிற்சியையும் முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை முதன்முதலாக அப்பாவின் காரை அவளே ட்ராக்கில் ஓட்டப்போகிறாள். அம்மாக்காரிக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயப்படுகிற அம்மா என்று பெயர் வாங்கினால் மகள் அப்புறம் எதையும் சொல்ல மாட்டாள் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று மாதம் முன்பு, "பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் லேசா நடுங்குதும்மா" என்று வாலு சொன்னபோது மட்டும் கணவரைக் கேட்டாள். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்து, முன் டிஸ்க்கை மாற்றச் சொல்கிறான் என்றார். அடுத்த வாரம், "மாத்தியாச்சா?" என்று கேட்டாள். "வாங்கியாச்சு, வாங்கியாச்சு" என்றார். வாங்கியாயிற்று என்றால் மாட்டியாயிற்று என்றுதானே எவரும் நினைப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்கை மூடிவிட்டுக் கைப்பையோடு வந்தவள், கார் ஷெட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள். காரின் முன்பக்கம் ஸ்டாண்டில் ஏறி நின்றது. சக்கரங்கள் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தன. விளக்குக்கடைக்காரர் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் எதற்கோ சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாலு பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"காலிப்பர். டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பிடிச்சு நிறுத்துதே, அந்தப் பிடி. நாளைக்கு போட்டோ எடுப்பாங்கல்ல, சக்கரக் கம்பிக்கு நடுவுல இந்தச் சிவப்பு தெரியணும். பாப்பா ஹெல்மெட்டும் சிவப்புதான், மேட்சா இருக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. பெரிய சாப்பாட்டுத் தட்டளவு இரும்பு வட்டம். உடம்பெல்லாம் வரிசை வரிசையாக ஓட்டைகள். நடுவில் கொப்பரை மாதிரி மேடு, அதற்குப் புது வெள்ளிப் பெயிண்ட். எங்கு பார்த்தாலும் பளபளப்பு. ஆனால் பிரேக் மிதித்தால் பேட் என்கிற கட்டை வந்து உரசுகிற அந்த வட்டத்தில் மட்டும், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய கோடுகள் கிளம்பியிருந்தன. இந்தக் கோடுகளை அவளுக்குத் தெரியும். பல்லில் பார்த்திருக்கிறாள்.

"இது என்ன கோடு?"

"அதெல்லாம் மயிர்க்கோடு. சூட்டுல வர்றது. ட்ராக்ல ஓட்டற எல்லார் வண்டியிலயும் இருக்கும், போய் யாரை வேணா கேளு."

அவர் சொன்னதில் பாதி சரி. பல்லிலும் மயிர்க்கோடு எல்லாருக்கும் உண்டு, எவரும் அதற்காகப் பல்லைப் பிடுங்குவதில்லை. எது கோடு, எது விரிசல் என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. நகத்தால் தடவினால் தெரியும். அவள் சுண்டுவிரல் நகத்தை டிஸ்க்கின் மேல் வைத்து மெதுவாக இழுத்தாள். முதல் கோட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்ததிலும் வழுக்கியது. விளக்குக்கடைக்காரர் சிரித்தார்.

மூன்றாவதில் மாட்டியது.

விரலை எடுக்காமல் அந்தக் கோட்டின் வழியே நடத்திக்கொண்டு போனாள். ஓர் ஓட்டையில் ஆரம்பித்து, அடுத்த ஓட்டைக்குள் விழுந்து, அந்தப்பக்கம் ஏறி, வெளி விளிம்பு வரைக்கும் போய் வெளியே வந்தது. உள்பக்கம் எப்படி என்று கையை வளைத்துப் பின்னால் விட்டாள். அங்கே இன்னும் மோசம், நகம் இரண்டு இடத்தில் மாட்டியது. பெயிண்ட் அடிக்கிற கை உள்பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. அது போட்டோவில் விழாத பக்கம்.

"விளிம்பு வரைக்கும் வெடிச்சிருக்கு. இதைப் போய் ஓட்டறதா?"

"அம்மா, ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் வாலு.

"கண்ணு, நீ இரு. அம்மாவுக்கு நான் காட்டறேன்." அவர் எழுந்துபோய் அளவுகோலை எடுத்துவந்தார். தட்டை மூக்கு உள்ள கோல். டிஸ்க்கின் விளிம்பைக் கவ்வ வைத்து எண்ணைப் பெருமையோடு காட்டினார். "தடிமன் பாரு. தேயவே இல்லை, கிட்டத்தட்டப் புதுசு. தடிமன் இருந்தா டிஸ்க் நல்லா இருக்குன்னு அர்த்தம். கோட்டைப் பார்த்து பயந்தா எவனும் கார் ஓட்ட முடியாது."

ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண் பொய் சொல்லாதே. அப்புறம்தான் விரலுக்கு அந்தத் திண்டு தட்டுப்பட்டது. டிஸ்க்கின் ஓரத்தில், பேட் எட்டாத இடத்தில், தேயாமல் ஒரு வளையம் மேடாக நின்றது. ஈறோரத்தில் காறை கட்டி நிற்குமே, அப்படி. அவருடைய தட்டைக் கோல் இருபுறமும் அந்த மேட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. உள்ளே பள்ளமாகத் தேய்ந்துபோன இடத்தை அது தொடவே இல்லை. கரையில் நின்றுகொண்டு கிணற்றின் ஆழத்தை அளந்த கதை. இத்தனை மாதமும் மனுஷர் இப்படித்தான் அளந்து அளந்து திருப்திப்பட்டிருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரென்று சொல்ல முடியாது. பிடித்த எண் கிடைத்ததும் கோலை மடித்து வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அவள் தன் கைப்பையைத் திறந்தாள். பல்லின் அகலம் பார்க்கிற கூர்மூக்கு அளவுகோல் அதில் இருந்தது. மேட்டைத் தாண்டி உள்ளே விட்டுக் கவ்வினாள். எண் மளமளவென்று இறங்கியது.

"எவ்வளவு வரைக்கும் தேயலாம்? எங்கயாவது போட்டிருப்பாங்களே."

வாலுதான், "டிஸ்க் மேலயே அடிச்சிருக்கும்மா. பயிற்சியில சொன்னாங்க. நடு மேட்டுல" என்றாள்.

நடு மேட்டில் எண் எதுவும் இல்லை. வெள்ளிப் பெயிண்ட்தான் இருந்தது. அவள் காறை சுரண்டுகிற கொக்கிமுனைக் கருவியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஏய், பெயிண்ட்டு! நேத்துதான் அடிச்சேன்!"

பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியிலிருந்து இரும்பில் பதித்த எழுத்தும் எண்ணும் மேலே வந்தன. இதற்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிடு என்று செய்தவன் பதித்த எண். அவள் அளந்தது அதைவிடக் குறைவு. எச்சரிக்கைக்கு மேலேயே பெயிண்ட் அடித்து அழகு பண்ணியிருந்தார். உறையைக் கழற்றும்போது வருகிற அந்த நாற்றம் இரும்பிலிருந்து வருகிற மாதிரியே அவளுக்கு இருந்தது.

"சரி. புதுசுதான் வாங்கியாச்சுன்னீங்களே, எங்க அது? எடுங்க, மாட்டிடலாம்."

விளக்குக்கடைக்காரர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கறேன்ல?"

"ஹால்லதாம்மா இருக்கு," என்றாள் வாலு. "உனக்குத் தெரியாதா? ஷோகேஸ்ல."

ஹாலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் உண்டு. அதன் நடுத்தட்டில் இரண்டு பெரிய ஓட்டை வட்டங்கள், தேக்குக்கட்டை ஸ்டாண்டின் மேல், பின்னாலிருந்து நீல வெளிச்சம் விழ, கொஞ்ச காலமாகவே நின்றிருந்தன. கடையிலிருந்து வருஷத்துக்குப் பத்து விசித்திர விளக்குகள் வருகிற வீடு. இதுவும் ஏதோ புது மாடல் விளக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஞாயிறுதோறும் மெத்தென்ற துணியால் துடைத்து வேறு வைத்திருக்கிறாள். வந்தவர்களெல்லாம் நின்று பார்த்து, "பிரமாதமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மகளை நிறுத்த வேண்டிய பிரேக்கைத் தன் கையாலேயே தூசி தட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கையையே கழுவிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூவரும் ஹாலுக்கு வந்தார்கள். அவர் ஷோகேஸுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றுகொண்டார், பெட்டிக்குள் இருப்பது கைக்குழந்தை என்கிற மாதிரி.

"மாட்டறேன். மாட்ட மாட்டேன்னு யார் சொன்னா? மாசக் கடைசியில கார் ஷோ இருக்கு. அங்க புது டிஸ்க்கோட நிக்கணும். அது முடிஞ்ச மறுநாளே மாட்டறேன். நாளைக்கு மாட்டி ட்ராக்ல ஓட்டினா ஒரே நாள்ல கருத்து நீலம் பாஞ்சிடும். அப்புறம் அதைப் பார்க்கவே சகிக்காது."

"பார்க்கறதுக்கா வாங்கினீங்க?"

"உனக்கு அழகுன்னா என்னன்னு புரியாது."

"விளிம்பு வரைக்கும் வெடிச்ச இரும்பு. ட்ராக்ல முழு வேகத்துல போய் மிதிக்கும்போது ரெண்டா பிளந்துச்சுன்னா? மிதிச்ச கால் கீழ வரைக்கும் போகும், கார் நிக்காது. உள்ள உட்கார்ந்திருக்கறது யாரு? நீங்களா?"

"போன மாசம் நான்தானே ஓட்டினேன்? எனக்கு என்ன ஆச்சு? சும்மா அபசகுனமா பேசாத. ஒரே ஒரு நாள். பாப்பா நாலு ரவுண்டு போகப்போறா, அவ்வளவுதான்."

அவள் மகளைப் பார்த்தாள். மகளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தாள். வாலு ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, நாளைக்கு விட்டா எனக்கு அடுத்த வாய்ப்பு எப்பன்னே தெரியாது. அப்பா எத்தனை வருஷமா ஓட்டறார், அவருக்குத் தெரியாததா? நீ எல்லாத்தையும் பல்லு மாதிரியே பார்க்கற. எதைப் பார்த்தாலும் சொத்தை, எதைப் பார்த்தாலும் விரிசல். பேசாம இரும்மா."

விளக்குக்கடைக்காரர் ஜெயித்த முகத்தோடு மகளின் தோளில் கை போட்டார். அந்தக் கையில் சிவப்புப் பெயிண்ட் காயாமல் இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேறு யாரையாவது கேட்கலாமென்று மெக்கானிக்குக்கு போன் போட்டாள். ஒலிபெருக்கியைப் போட்டு இருவர் காதிலும் விழ வைத்தாள். அந்த மெக்கானிக்கை எல்லாரும் ஆமாஞ்சாமி என்றே கூப்பிடுவார்கள். கேட்கிறவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்பதைக் குரலிலேயே மோப்பம் பிடித்து அதையே திருப்பிச் சொல்கிற ஆள்.

"முன் டிஸ்க் மாத்தணுமா, வேண்டாமா?"

"கண்டிப்பா மாத்தணும் டாக்டரம்மா. விளிம்பு வரைக்கும் வெடிப்பு வந்துட்டா அப்புறம் ஒரு ரவுண்டு கூட ஓட்டக்கூடாது. நான் அன்னைக்கே பார்த்தேனே."

"பார்த்துட்டு ஏன் சும்மா விட்டீங்க?"

"மாத்தணும்னு சொன்னேன் மேடம். சார்தான் 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ல'ன்னார். ஓடும் சார்னேன்."

"ஓடுமா?"

"ஓடறதுக்கு என்ன மேடம், நல்லா ஓடும். நிக்கறதுதான் கஷ்டம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ஆளையும் கூடச் சேர்த்து ஏதாவது ஒரு சாக்கடையில் கொட்டினால் தேவலை என்று தோன்றியது. அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக, ஒலிபெருக்கியை அணைத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"புது டிஸ்க் மேல சாம்பல் கலர்ல ஒரு பூச்சு இருக்கே, அது எதுக்கு?"

"துரு பிடிக்காம இருக்க, மேடம். பேட் உரசற இடத்துல முதல் நாலு பிரேக்குலயே அது போயிடும்."

"அது மேல கீறல் விழுந்தா பிரேக்குக்கு ஏதாவது ஆகுமா?"

"பூச்சு மேலதானே? ஒண்ணும் ஆகாது. பார்க்கத்தான் அசிங்கமா இருக்கும்."

"சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க? புது பேடும் எடுத்துக்கிட்டு வாங்க."

"சார் ஒத்துக்கிட்டாரா மேடம்?"

"ஒத்துக்குவார்."

அவள் திரும்பி வந்தபோது அப்பாவும் மகளும் ஷெட்டுக்குப் போயிருந்தார்கள். பாக்கிச் சிவப்பை அடித்து முடிக்கப் போயிருந்தார்கள். அவள் ஷோகேஸைத் திறந்தாள். நீல விளக்கு கையில் விழுந்து கையையும் விலை உயர்ந்ததாக்கியது. ஒரு டிஸ்க்கைத் தூக்கினாள். நல்ல கனம். இந்தக் கனத்தில் துளி கூட அழகுக்காக வைத்ததல்ல. பாய்ந்து போகிற காரின் வேகம் அத்தனையையும் சூடாக்கி விழுங்குவதற்காக வைத்த கனம். அதைப் போய் நீல வெளிச்சத்தில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சோபாவின் பிளாஸ்டிக் உறை மேல் அதைக் கிடத்தினாள். கொக்கிமுனைக் கருவியை எடுத்து, பூச்சின் மேல் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். கைத்தொழில் சுத்தம் அதிலும் தெரிந்தது. பூச்சு மட்டும் பிளந்தது, இரும்பில் முனை படவில்லை. இரண்டாவது டிஸ்க்கிலும் அதே மாதிரி ஒன்று. பிறகு இரண்டையும் பழையபடி ஸ்டாண்டில் ஏற்றி வைத்தாள். விளக்கு எரிந்தது. நீல வெளிச்சத்தில் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்க," என்று குரல் கொடுத்தாள்.

அவர் வந்தார். வாசலிலேயே பார்த்துவிட்டார். கடைக்காரர் கண், ஒரு சின்னக் குறையையும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும். கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்து தரையில் சிவப்பு தெறித்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஓடிவந்து டிஸ்க்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க? பாவி, என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"கோடு."

"கோடா? இதுவா கோடு?" கட்டைவிரல் நகத்தை அதன் மேல் வைத்து இழுத்தார். ஒருமுறை இழுத்தார், மறுமுறை இழுத்தார். அவர் குரல் உடைந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "நகம் மாட்டுது! பாரு, நகம் மாட்டுது! போச்சு, எல்லாம் போச்சு!"

அவர் பின்னாலேயே வந்த வாலு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. மாடிப்படியில் உருண்டு விழுந்து அவள் கை ஒடிந்தபோதுகூட, "ஒண்ணுமில்லை கண்ணு, ஒண்ணுமில்லை" என்று சிரித்துக்கொண்டேதான் தூக்கிப் போனார். தைரியமான அப்பா என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவர் டிஸ்க்கின் கீறலைத் தடவித் தடவிப் பார்ப்பதையே பார்த்தாள். அவள் முகத்தின் சிவப்பு மெதுவாக இறங்கியது.

"அப்பா," என்றாள்.

அவர் நிமிரவில்லை.

"பழசுலயும் மாட்டுச்சுப்பா."

அவருடைய விரல் நின்றது. வாலு ஹெல்மெட்டைக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உறையிட்ட சோபாவின் மேல் வைத்தாள். பிறகு அப்பாவின் எதிரே குத்த வைத்து உட்கார்ந்து, அவர் மடியிலிருந்த டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் கொஞ்ச நேரம் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அவர் விட்டார்.

சாயங்காலம் ஆமாஞ்சாமி வந்தான். பழைய டிஸ்க்குகளைக் கழற்றித் தரையில் போட்டு, ஒவ்வொன்றையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். ஒன்று மணிபோல் ஒலித்தது. இடதுபக்கத்து டிஸ்க் ஓட்டைச் சட்டியைத் தட்டின மாதிரி டப்பென்றது. "கேட்டீங்களா மேடம், உயிர் போயிடுச்சு இதுக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றான். விளக்குக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "ஆனாலும் சார் வண்டியை நல்லாத்தான் வெச்சிருந்தார்" என்றும் சொன்னான். இந்த ஆளுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை அம்மாவும் மகளும் மட்டும்தான் ட்ராக்குக்குப் போனார்கள். அப்பாவுக்குத் தலைவலியாம். வாலு முதல் இரண்டு ரவுண்டு புது டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று பழக வேண்டுமென்று மெதுவாகப் போனாள். அப்புறம் விட்டாள். அம்மாக்காரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மஞ்சள் கார் வளைவுக்கு வரும்போதெல்லாம் தானும் வலதுகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவையும் கார் அடங்கித் திரும்பிப் போனது. ஓட்டி முடித்து இறங்கியதும் வாலு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முதல் வேலையாகச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பேட் உரசிய இடத்தில் பூச்சும் போய்விட்டது, கீறலும் போய்விட்டது. டிஸ்க் கருத்து, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. "இப்பதாம்மா நல்லா இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஹாலில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷோகேஸ் காலியாக இருக்கவில்லை. தேக்குக்கட்டை ஸ்டாண்டுகளின் மேல் அந்தப் பழைய டிஸ்க்குகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. தலைவலிக்காரர் காலையெல்லாம் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, எண் இருந்த இடத்தை வழவழவென்று மூடி, புதுசு மாதிரி ஆக்கிவிட்டிருந்தார். பெயிண்ட்டுக்கும் மறையாமல் விளிம்பு வரைக்கும் ஓடிய விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது, விருந்தாளிகள் நின்று பார்ப்பார்கள். பல் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வாலு செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய் ஷோகேஸைத் திறந்தாள். இடதுபக்கத்து டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து, விரிசல் ஹாலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள். கண்ணாடியைச் சாத்திவிட்டு, கையில் ஒட்டிய ஈரப் பெயிண்ட்டைச் சோபா உறையில் துடைத்துவிட்டு, குளிக்கப் போனாள்.